எந்த டம்ளர்

புதன்கிழமைகளில் என் பையில்
தினத்தாளில் சுற்றிய மரக்குறி ஒன்று இருக்கும்.
அடுக்கம்பாறையிலிருந்து ராணிப்பேட்டைக்கு
இரண்டு பஸ் மாற வேண்டும்.
"இன்னாமா பையில, உலக்கையா?" என்பார் கண்டக்டர்.
"பாடம்" என்பேன்.
பாடத்துக்கு லக்கேஜ் போட முடியாது.

ஷூ கம்பெனி கேன்டீனில்
எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம்.
அதற்குள் முந்நூறு பேர் சாப்பிடவும் வேண்டும்,
சாகாமலிருக்கக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.
விரல்களில் பசை காயாத பெண்கள்.
நான் பையைப் பிரித்ததும்
முதல் வரிசை தயிர்சாதத்துக்குள் முகம் புதைத்துச் சிரிக்கும்.
சூப்பர்வைசர் ஜன்னல் வழியே
பாலாற்றில் ஏதோ தண்ணீர் ஓடுகிற மாதிரி பார்ப்பார்.

கேள்விகள் மாறுவதில்லை.
கொசு கடிச்சா? கடிக்கட்டும்.
ஒரே தட்டுல தின்னா? தின்னுங்க.
அழுதா, கண்ணீர்ல வருமா?
வராது, ஆனா அழாதீங்க, டைம் இல்ல.

எனக்கும் இருக்கிறது என்பதை
கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சொல்வேன்.
டிபன்பாக்ஸ் மூடிகள் ஒவ்வொன்றாய்
சாத்தும் சத்தம் கேட்கும்.
சாப்பாடு முடிந்ததாலும் இருக்கலாம்.
பதினோரு வருடமாய் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

போன புதன், கடைசி மேசை.
சபீரா, மேல்விஷாரத்துப் பெண், அப்பர் தைக்கிறவள்.
கையைத் தூக்கவில்லை. வாயில் சோற்றோடே கேட்டாள்:
"வீட்ல நீங்க எந்த டம்ளர்ல குடிப்பீங்கக்கா?"

சங்கு ஊதியது.
வாழ்க்கையில் முதல்முறையாய்
கம்பெனிச் சங்குக்கு நன்றி சொன்னேன்.

கஸ்பாவில் என் வீட்டுச் சமையலறையில்
ஆறு எவர்சில்வர் டம்ளர்.
ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.
மாமியார் வைத்ததில்லை. அவர் வைத்திருந்தால்
இந்நேரம் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பேன்.
வைத்தது நான்.
ரிப்போர்ட் வந்த ராத்திரி,
ஜோயல் தூளியில் தூங்கும்போது,
கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொண்டு.

அப்புறம் எவ்வளவோ தெரிந்துகொண்டேன்.
நம்பிக்கை மையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து
நடுங்குகிற கைகளைப் பிடித்துக்கொண்டேன்.
ஜோயலுக்கு இல்லை, மூன்று முறை பார்த்தாயிற்று.
எனக்கு ஒன்பது மணி மாத்திரை, ஒருநாள் தவறியதில்லை.
வைரல் லோடு தாளில் 'கண்டறிய முடியவில்லை'.
பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி டம்ளரைத் தேடினேன். ஸ்டாண்டில் இல்லை.
ஜோயல் கையில் இருந்தது, மோரோடு.
இன்னொரு கையில் போன்.
"அது என்னுது" என்றேன்.
கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.
அவன் நிமிரவில்லை.
"இதான்மா பெருசு. ரெண்டு வருஷமா இதுலதான குடிக்கிறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன்,
ஒரு கணம் என் மூளை
இரண்டு வருடத்தை நாட்களாக்கிப் பெருக்கிப் பார்த்தது.
எச்சிலில் பரவாது என்று
முந்நூறு பேருக்கு மைக் இல்லாமல் சொல்லும் வாய்
ஒட்டிக்கொண்டது.
அவனுக்கு முளைத்தும் முளைக்காத மீசை.
அதில் மோர்.

கத்தியால் சுரண்டினேன்.
பாதி வந்தது. பாதி வரவில்லை.
"அத ஏம்மா சுரண்டுற,
விசேஷ வீட்ல பாத்திரம் மாறிடாம இருக்க வச்சதுதான?"

நாளை புதன்.
சபீராவுக்கு ஒரு பதில் இருக்கிறது, முழுசாய் இல்லை.
டம்ளரை அதே தினத்தாளில் சுற்றி
பையில் வைத்துவிட்டேன்.
காலையில் ஜோயல் தேடுவான்.
சின்ன டம்ளரில் காபி போதாமல்
என்னைத் திட்டிக்கொண்டே ஸ்கூலுக்குப் போவான்.